கனகலட்சுமி கண் திறக்கக் கூடாது!

ட்ரிங்... ட்ரிங்... ட்ரிங்...!

மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்த களத்தில் போன் அலறியது.

சனிக்கிழமை காலை. வெயில் அதற்குள் வேலையைத் தொடங்கியிருந்தது. கனகலட்சுமி இடுப்பில் சொருகியிருந்த பட்டன் போனை எடுத்து, தடவிப் பார்த்து அமுக்கினாள்.

"யாரு?"

மறுமுனையில் ஒரு குரல். ஆணா? பெண்ணா? சொல்ல முடியவில்லை. தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. குரலை மாற்றிக்காட்டும் ஏதோ ஒரு செல்போன் வித்தை!

"திங்கக்கெழமை மதுரைக்குப் போகாத..."

"எவன்டா அவன்?"

"போயி அந்த ஜீன் ஊசியைப் போட்டு, உனக்குக் கண்ணு தெரிஞ்சுச்சுன்னா... நீ பாக்குற மொதப் பொணம் உன்னோடதாத்தான் இருக்கும்!"

திருச்சுழிக்குத் தெற்கே அந்தக் கரிசல் ஊரில் கனகலட்சுமியைத் தெரியாதவர்கள் கிடையாது. வயது அறுபத்தாறு. கணவர் காலமாகிவிட்டார். நிலம் இருக்கிறது, டிராக்டர் இருக்கிறது, வாய் இருக்கிறது. மூன்றில் வாய்தான் பெரியது.

"ஏலே, கூறுகெட்டவனே! ஏம் பொணத்தை நானே எப்படிறா பாப்பேன்?"

மறுமுனை திணறியது.

"அது... அது வந்து..."

"யோசிச்சுச் சொல்லு. நான் லைன்லதான் இருக்கேன்."

டொக்!

கனகலட்சுமி சிரித்தாள். போனைத் திரும்ப இடுப்பில் சொருகினாள். இடது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. வலது கண்ணும் அதே வழியில் போய்க்கொண்டிருந்தது. மிச்சமிருக்கும் வெளிச்சத்தைக் காப்பாற்ற அவளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே வாய்ப்பு, அந்தத் திங்கட்கிழமை ஊசி.

அதைத்தான் எவனோ வேண்டாம் என்கிறான்!

"ஏய் பாண்டி! வண்டியை எடுடா. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகணும்!"

மகன் பாண்டீஸ்வரன் விழுந்தடித்து ஓடிவந்தான்.

*

சப்-இன்ஸ்பெக்டர் முருகலட்சுமிக்கு வயது இருபத்தொன்பது. விறைப்பான சட்டை, அதைவிட விறைப்பான முகம். பக்கத்தில் ஏட்டு இருளாண்டி. இவர் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை. எதையாவது மென்றுகொண்டே இருக்கும்.

கனகலட்சுமி நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் இல்லை. சுவரில் தொங்கிய காலண்டர் பக்கம் இருந்தது.

முருகலட்சுமிக்குச் சுள்ளென்று வந்தது.

"ஏம்மா... புகார் குடுக்க வந்தீங்களா, நல்ல நாள் பாக்க வந்தீங்களா? என் மொகத்தைப் பாத்துப் பேசுங்க!"

பாண்டீஸ்வரன் பதறினான்.

"மேடம், தப்பா நெனைக்காதீக. கண்ணு போனதுல இருந்து எங்கம்மா எல்லார்கிட்டயும் இப்படித்தான் மொகத்தைத் திருப்பிக்கிருதாக. அம்புட்டுக் கோவம்! போன வருசம் என் மாமியா புதுச் சேலை கட்டிக்கிட்டு ஆசையா வந்தாக. 'வாங்க சம்பந்தி'ன்னு சொல்லிக்கிட்டே வெடுக்குன்னு மொகத்தைத் திருப்பிட்டாக. அன்னைக்குப் போனவுகதான்... இன்னும் எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல!"

கனகலட்சுமியின் உதட்டோரம் லேசாகத் துடித்தது. அவ்வளவுதான்.

"சரி, அது என்ன ஜீன் ஊசி?" என்று கேட்டாள் முருகலட்சுமி.

"எனக்கு வாயில நுழையாது தாயி. டாக்டரம்மா நம்பரு இருக்கு. அவுககிட்டயே கேளு."

போனை ஸ்பீக்கரில் போட்டார் இருளாண்டி. மதுரையில் ஒரு கண் மருத்துவமனை. டாக்டர் ஃபர்ஹானா. அருப்புக்கோட்டையில் பிறந்து வளர்ந்தவள் என்பதால் பேச்சில் இங்கிலீஷ் குறைவாகவே இருந்தது.

"மேடம், இது வயசானவுகளுக்கு வர்ற மாகுலர் டீஜெனரேஷன். விழித்திரையில நடுப்பகுதி இருக்குல்ல... அது பழுதாகும். அங்கன வேண்டாத ரத்தக் குழாயி முளைச்சுக் கசியும். அதை அடக்க, மாசா மாசம் கண்ணுக்குள்ள ஊசி போட்டுக்கிட்டு இருந்தோம்."

"இந்தத் திங்கக்கிழமை ஊசி மட்டும் என்ன விசேஷம்?"

"உங்க ஊருல தண்ணி லாரி வருதா?"

"வருதே... வந்தா உண்டு, வராட்டி இல்ல."

"லாரிக்குக் காத்துக் கெடக்குறதுக்குப் பதிலா வீட்டுலயே ஒரு போரு போட்டுட்டா எப்படி? அதுதான் இது! மருந்து செய்யிற ஜீனைக் கெடுதல் பண்ணாத ஒரு வைரஸ் கூட்டுல வச்சுக் கண்ணுக்குள்ள அனுப்புறோம். அப்புறம் அந்தக் கண்ணே மருந்தை ஊற வச்சுக்கிரும். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. ஆனா நல்ல நம்பிக்கை இருக்கு."

"பாதுகாப்புக்காக ஒரு மாசம் தள்ளி வைக்கலாமா டாக்டர்?"

"முடியாது மேடம். மருந்து உறைஞ்ச நெலையில வருது. உருக்கினா அன்னைக்கே போட்டாகணும். இவுக வரலைன்னா வரிசையில அடுத்து நிக்கிறவுகளுக்குப் போயிரும். இன்னொண்ணும் சொல்லிர்றேன்... அன்னைக்குக் கண்ணு செவந்து, வீங்கி, புண்ணாகி இருந்தா ஊசி போட மாட்டோம். பத்திரமாக் கூட்டிட்டு வாங்க!"

போன் அடங்கியது.

முருகலட்சுமி எழுந்தாள்.

"அம்மா, நேராவே கேக்குறேன். உங்களுக்குக் கண்ணு தெரியக் கூடாதுன்னு நெனைக்கிற ஆளு யாரு?"

கனகலட்சுமி காலண்டரைப் பார்த்தபடியே பெருமூச்சு விட்டாள்.

"எங்க வீட்டுல இருந்து ஆரம்பிப்போமா தாயி?"

*

அன்று மாலைக்குள் ஒரு விஷயம் தெரிந்துபோனது. மிரட்டல் வந்த சிம், செத்துப்போன ஒருவர் பேரில் இருந்தது. ஆனால் செல்போன் டவர் கணக்குப்படி, பேசியவன் அந்த ஊரைத் தாண்டிப் போகவில்லை!

முருகலட்சுமி கனகலட்சுமியின் வீட்டுக்கே வந்து, ஒவ்வொருவராகத் தனித்தனியே கூப்பிட்டாள். அவளுடைய விசாரணை முறை எளிமையானது. எதிரில் நிற்கிறவனை முறைத்துப் பார்ப்பாள். பிறகு ஒரே ஒரு வரி.

"எல்லாம் தெரிஞ்சு போச்சு. நீயாச் சொல்லிடு."

முதலில் பாண்டீஸ்வரன். அந்த ஒரு வரிக்கே பொலபொலவென்று உதிர்ந்தான்.

"மேடம்! அம்மாகிட்ட மட்டும் சொல்லீராதீக!" என்று முழுக்கைச் சட்டையை மடக்கினான். முழங்கைக்குக் கீழே ஒரு பெண் பெயர் பச்சை குத்தியிருந்தது. கட்டிய மனைவியின் பெயர் அல்ல!

"காலேஜுல படிக்கையில ஒரு வேகத்துல குத்திட்டேன். எம் பொஞ்சாதி மன்னிச்சிட்டா. அம்மா மன்னிக்காது. கண்ணு தெரிஞ்சா மொதல்ல இந்தக் கையிதான் போகும்!"

அடுத்து அவன் மனைவி பாண்டீஸ்வரி. பேர்ப் பொருத்தம் பார்த்துக் கட்டி வைத்தது.

"ஆமா மேடம், நான்தான்!"

"நீதான் மிரட்டினியா?!"

"அய்யய்யோ! அத்தையோட கல்யாணப் பட்டுச்சேலையை அயர்ன் பண்றப்ப சுட்டுப்புட்டேன் மேடம். ஓட்டை உள்ள போற மாதிரி மடிச்சு வச்சிருக்கேன். ரெண்டு வருசமா எனக்குத் தூக்கமே இல்ல!"

மூன்றாவதாகப் பக்கத்துக் காட்டுக்காரர் காசிம். சவுதியில் பல வருடம் வண்டி ஓட்டிவிட்டு, ஊரோடு வந்து கார் வைத்திருப்பவர். திங்கட்கிழமை மதுரைக்குப் போகப்போவதும் அவர் காரில்தான்.

"மேடம்... அல்லா மேல ஆணையாச் சொல்றேன். முள்வேலியைக் கொஞ்சமா... ஒரு எட்டுத்தான்... கனகக்கா காட்டுப் பக்கம் நகத்திட்டேன். வேலிக்கு அந்தாண்ட ஒரு முருங்கை நின்னுச்சு. அதுல ஆசை!"

இருளாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

"மேடம், இந்த ஊருல குத்தவாளி இல்லாத ஆளே இல்ல போலருக்கே!"

"ஆனா நம்ம குத்தவாளி இதுல இல்ல ஏட்டையா..." என்று உதட்டைக் கடித்தாள் முருகலட்சுமி.

அப்போதுதான் கனகலட்சுமியோடு உள்ளே வந்தார் தங்கபாண்டி.

கனகலட்சுமியின் கொழுந்தன். சலவை வேட்டி. நெற்றி நிறையத் திருநீறு. கையில் எல்லோருக்கும் காப்பி!

"குடிங்க மேடம். வெயில்ல அலையுறீக. எங்க மதினியை மிரட்டினவன் மட்டும் எங்கையில கெடைச்சான்... மகனே, தோலை உரிச்சுப்புடுவேன்!"

"உங்களுக்கு யார் மேல சந்தேகம்?"

"அதெல்லாம் தெரியாது மேடம். ஆனா மதினிக்குப் பார்வை வரணும். எங்க குலசாமி இருளப்பசாமிப் பெட்டியைத் தூக்குற கையி இது. அந்தப் பெட்டி மேல அடிச்சுச் சொல்றேன்!"

"பெட்டியா?"

"சாமியோட தங்கக் கண்மலரு அதுலதான் இருக்கு. வருசத்துல ஒரு நாளு, மாசி சிவராத்திரிக்கு, பெட்டியைத் திறந்து அந்தத் தங்கக் கண்ணை எடுத்துச் சாமி மொகத்துல சாத்துவேன். நான் சாத்தி முடிக்கிற வரைக்கும் பங்காளிக அம்புட்டுப் பேரும் மொகத்தைத் திருப்பிக்கிரணும். கண்ணு தொறக்காத சாமியைப் பாத்தா, பாத்தவுக கண்ணு போயிரும்! அப்புறம் மூத்த மருமக, அதான் எங்க மதினி, கிட்டப் போயி ஆரத்தி காட்டுவாக. மத்தவுக எல்லாம் தூர நின்னு கும்பிடுறதோட சரி."

தங்கபாண்டி குரலைத் தாழ்த்தினார்.

"இந்தா அடுத்த மாசம் சிவராத்திரி வருது. அது முடியட்டும், அப்புறம் ஊசி போட்டுக்கிருங்கன்னு நானும் சொல்றேன். மதினி கேக்க மாட்டேங்கிறாக. நீங்களாச்சும் சொல்லுங்க மேடம். உசுருதானே முக்கியம்?"

நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டாள் முருகலட்சுமி.

கனகலட்சுமி வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜன்னல் பக்கம்.

*

திங்கட்கிழமை. விடிந்து வெளிச்சம் பரவியதும் கார் கிளம்பியது.

ஓட்டுவது காசிம். பக்கத்தில் மஃப்டியில் முருகலட்சுமி. பின் சீட்டில் ஜன்னலோரம் கனகலட்சுமி, அவளுக்கு இடது பக்கம் இருளாண்டி, அந்தக் கடைசியில் பாண்டீஸ்வரன். கனகலட்சுமி மடியில் ஒரு துணிப்பை. பைக்குள் டாக்டரம்மாவுக்குக் கொடுக்க ஒரு பெரிய காராச்சேவுப் பொட்டலம். காலடியில் மோர் நிறைந்த எவர்சில்வர் தூக்குவாளி.

தங்கபாண்டி வரவில்லை. காய்ச்சலாம். கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் நின்று கையாட்டினார்.

"மதினி... கவனமாப் போயிட்டு வாங்க!"

அருப்புக்கோட்டை வந்தது. பாளையம்பட்டி போனது. நான்கு வழிச் சாலையில் கார் பறந்தது. முருகலட்சுமி கண்ணாடி வழியாகப் பின்னால் வருகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்துக்கொண்டே வந்தாள். ஒன்றும் இல்லை!

காரியாபட்டியை நெருங்கியதும் இருளாண்டி நெளிந்தார்.

"மேடம்... ஒரே ஒரு டீ..."

"அஞ்சு நிமிஷம். அதுக்கு மேல ஆகக் கூடாது!"

சாலையோர டீக்கடை. காசிமும் பாண்டீஸ்வரனும் டீ வாங்கப் போனார்கள். இருளாண்டி பஜ்ஜி தட்டின் அருகே போய் நின்றார். முருகலட்சுமியின் போன் அடித்தது. சிக்னல் சரியில்லை என்று பத்தடி தள்ளிப் போனாள்.

கனகலட்சுமி மோரில் ஒரு வாய் குடிக்கலாம் என்று தூக்குவாளியோடு இறங்கி, காரில் சாய்ந்து நின்றாள்.

தனியாக!

கண்ணாடியில் தெரியாத தூரத்திலேயே தொடர்ந்து வந்த ஒரு பைக், கடைக்குப் பின்னால் வந்து நின்றது. சத்தமில்லாமல் ஒருவன் இறங்கினான். தலையில் ஹெல்மெட். மூச்சு முட்டியதோ என்னவோ, அதன் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டிருந்தான். வலது கை முதுகுக்குப் பின்னால் இருந்தது.

அந்தக் கையில்... ஒரு பொட்டலம்!

கனகலட்சுமி நேர் எதிரே இருந்த உரக்கடை போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஒரு நொடி யோசித்தான். பார்வை மங்கல்தான்... ஆனாலும் முன்னால் போனால் ஆள் வருவது தெரிந்துவிடும். பக்கவாட்டில் போவதுதான் பத்திரம்!

வாழ்க்கையில் அவன் செய்த மிகப் பெரிய தப்பு அதுதான்.

ஓரடி... இன்னும் ஓரடி... பொட்டலம் பிரிந்தது. கை மேலே எழுந்தது.

கனகலட்சுமியின் முகம் இம்மிகூடத் திரும்பவில்லை. உரக்கடை போர்டு மேலேயே இருந்தது.

தூக்குவாளி மட்டும் திரும்பியது!

டமார்!

மோரோடு சேர்த்து வாளி அவன் மணிக்கட்டில் இறங்கியது. பொட்டலம் எகிறி, திறந்திருந்த ஹெல்மெட்டுக்குள்ளேயே போய் விழுந்தது.

"ஆஆஆ...! எரியுதே...! அய்யோ எரியுதே!"

மிளகாய்ப் பொடி!

இருளாண்டி பஜ்ஜியைக் கீழே போடாமலே ஓடிவந்து, விழுந்தவன் மேல் உட்கார்ந்தார். முருகலட்சுமி பாய்ந்து வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

பாண்டீஸ்வரன் அலறினான்.

"சித்தப்பா...?!"

காய்ச்சலில் கிடக்க வேண்டிய தங்கபாண்டி! திருநீறு இருந்த நெற்றியில் இப்போது மிளகாய்ப் பொடி.

"மொதல்ல அவன் கண்ணைக் கழுவுங்கடா!" என்று கத்தினாள் கனகலட்சுமி. "என்னத்தடா வேடிக்கை பாக்குறீக? குடத்தோட தண்ணியை ஊத்துங்க! கண்ணு போனா என்ன பாடுன்னு எனக்குத்தான் தெரியும். அவனுக்கு அது வேண்டாம்!"

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். முருகலட்சுமி கனகலட்சுமியின் முகத்தைத் தாங்கிப் பார்த்தாள். கண்ணில் ஒரு துளிப் பொடி இல்லை. சிவப்பும் இல்லை.

பிறகுதான் தங்கபாண்டி பக்கம் திரும்பினாள்.

"ஊசியைக் கெடுக்கத்தானேய்யா வந்த? ஏன்? சொந்த மதினிய்யா!"

தங்கபாண்டி சேற்றில் உட்கார்ந்து விம்மினார்.

"பித்தளை மேடம்... பித்தளை!"

"என்ன பித்தளை?"

"சாமி கண்ணு... போன சிவராத்திரிக்குத் தங்கத்தை எடுத்துட்டுப் பித்தளையை வச்சேன். எல்லாரும் மொகத்தைத் திருப்பிக்கிட்டாக. யாரும் பாக்கல. கிட்டப் போயி ஆரத்தி காட்டுறது மதினி ஒருத்திதான். மதினிக்குத்தான் கண்ணு தெரியாதேன்னு தைரியத்துல செஞ்சுட்டேன். இப்ப ஊசி போட்டா கண்ணு பருந்துக் கண்ணாயிரும், இந்தச் சிவராத்திரிக்குச் சாமி கண்ணைக் கிட்ட நின்னு கண்ணாரப் பாப்பேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுறாக. எனக்குச் சோறு எறங்கல மேடம்!"

"தங்கம் எங்க?"

"உருக்கிட்டேன்... மாப்பிள்ளைக்கு மைனர் செயின்..."

"அடப்பாவி!" என்றார் இருளாண்டி. "சாமி கண்ணு இப்ப உம்ம மருமகன் கழுத்துலயா கெடக்கு?"

உள்ளூர்ப் போலீஸ் ஜீப் வந்தது. முதலில் ஆஸ்பத்திரி, பிறகு விசாரணை என்று சொல்லித் தங்கபாண்டியை அவர்களிடம் ஒப்படைத்தாள் முருகலட்சுமி.

"காசிம்... மருந்தை உருக்கிட்டா அன்னைக்கே போடணுமாம்! பறக்க விடுங்க காரை!"

காசிம் பறக்கவிட்டார். முள்வேலிப் பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறவரைப் போல ஓட்டினார்.

*

ஊசி போட்டாகிவிட்டது!

வலது கண் மேல் ஒரு கண்ணாடி மூடி ஒட்டப்பட்டு, கனகலட்சுமி அறையில் ஓய்வாக உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிப்பை. இடது பக்கம் இருளாண்டி. எதிரே டாக்டர் ஃபர்ஹானா, முருகலட்சுமி, பாண்டீஸ்வரன், காசிம்.

முருகலட்சுமி உற்சாகத்தில் இருந்தாள். பெரிய கேஸ் முடிந்த உற்சாகம்.

"டாக்டர், உங்க ஊசிதான் திருடனைப் பிடிச்சுக் குடுத்துச்சு! இவங்களுக்குப் பார்வை வந்து, ஆரத்தி காட்டுறப்ப பித்தளையைக் கண்டுபிடிச்சிருவாங்கன்னு பயந்துட்டான்."

டாக்டர் ஃபர்ஹானா புருவத்தைத் தூக்கினாள்.

"பார்வை வந்துருமா? யாரு சொன்னா? இந்த ஊசி, இருக்குற பார்வை போயிராமக் காப்பாத்தத்தான் மேடம். செத்துப்போன நடுப்பகுதி திரும்ப வராது. ஆரத்தி காட்டுறப்ப நேரா பாத்தா, இவுகளுக்கு அந்தச் சாமி மொகம் எப்பவும் போல மங்கலாத்தான் தெரியும்!"

முருகலட்சுமி டாக்டரை உற்றுப் பார்த்தாள்.

"அப்ப... ஊசி போட்டிருந்தாலும் அந்தப் பித்தளையை இவங்களால பாத்திருக்கவே முடியாதா?"

"முடியாது. இதை ஆரம்பத்துலயே இவுககிட்ட தெளிவாச் சொல்லியிருக்கேனே!"

முருகலட்சுமி மெல்லத் திரும்பினாள்.

"அம்மா... அப்ப பருந்துக் கண்ணு வரும்னு ஊரெல்லாம் சொன்னது...?"

"நான்தான்."

"தெரிஞ்சுக்கிட்டேவா?!"

"பின்ன? தெரியாமப் பொய் சொன்னா அது பொய்யா தாயி?"

டாக்டர் ஃபர்ஹானாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மேடம், இந்த நோயில நடுவுல இருக்குறதுதான் போகும். ஓரத்துல பார்வை நல்லா இருக்கும். ஒரு ஆளை நேரா பாத்தா, அவுக மொகம் இருக்குற எடத்துல புகை மாதிரி இருக்கும். கொஞ்சம் மொகத்தைத் திருப்பினாத்தான் அந்த ஆளு தெரிவாரு. பக்கவாட்டுல ஒரு எறும்பு நகந்தாலும் தெரிஞ்சிரும். இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்கப் பழகச் சொன்னதே நாங்கதான்!"

காலண்டர்! முருகலட்சுமி நாக்கைக் கடித்துக்கொண்டாள். உரக்கடை போர்டு!

பாண்டீஸ்வரன் எழுந்தே விட்டான்.

"அப்ப... எம் மாமியாகிட்ட மொகத்தைத் திருப்பினது?"

"அவுக கட்டியிருந்த புதுச் சேலையை நல்லாப் பாக்கலாம்னு திருப்பினேன்டா. பச்சைச் சேலை. நல்லா இருக்குன்னு சொல்ல வாயெடுக்குறதுக்குள்ள கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாக. அப்புறம் யோசிச்சேன்... நான் கோவக்காரின்னே எல்லாரும் நெனைக்கட்டும். பாக்குறேன்னு தெரிஞ்சா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டீகளே!"

"சிவராத்திரி அன்னைக்கு...?" என்று இழுத்தாள் முருகலட்சுமி.

கனகலட்சுமியின் குரல் இறங்கியது.

"ஊரே மொகத்தைத் திருப்புச்சு. நானும் சாமிக்குப் பயந்து திருப்பினேன். நேரா நின்னிருந்தா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. திருப்பினதுனால எனக்குத் தெரிஞ்சு போச்சு, நான் என்ன செய்ய? பெட்டியில இருந்து எடுத்ததை மடியில சொருகினான். மடியில இருந்து எடுத்ததைச் சாமிக்கு வச்சான்."

"ஒரு வருஷமா ஏம்மா சொல்லல?"

"கண்ணு தெரியாதவ பாத்தேன்னு சொன்னா எவன் நம்புவான்? பாக்கக் கூடாததைப் பாத்தேன்னு என்னையத்தான் தள்ளி வச்சிருப்பாக. அதான், அவனா வெளிய வரட்டும்னு காத்திருந்தேன். டாக்டரம்மா ஊசின்னு சொன்னாக. நான் அதுல பருந்தைச் சேத்துக்கிட்டேன். மிரட்டுவான்னு தெரியும். மிளகாப்பொடியோட வருவான்னு நெனைக்கல. காரியாபட்டியில அந்தக் கையி ஒசந்தப்ப உசுரே போயிருச்சு தாயி. ஊசி போச்சேன்னுதான் மொத நெனப்பு வந்துச்சு."

"அவ்வளவு ஆசைப்பட்ட ஊசியையா பணயம் வச்சீங்க?"

"என் கண்ணுக்கு டாக்டரம்மா இருக்காக. சாமி கண்ணுக்கு யாரு இருக்கா?"

முருகலட்சுமி சட்டென்று எழுந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டாள்.

"பாத்தா கண்ணு போயிரும்னு சொன்னாங்களே... உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?"

"எனக்குத்தான் ஏற்கெனவே போச்சே! திரும்ப எங்கிட்டுப் போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டீஸ்வரன் மட்டும் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மெதுவாகக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான்.

"இழுக்காதடா. கையில கருப்பா அட்டை மாதிரி என்னமோ ஒட்டிக்கிட்டு இருக்குறது ரொம்ப நாளாத் தெரியும். பச்சையா குத்தியிருக்க? உம் பொஞ்சாதி பட்டுச்சேலையைப் பொசுக்கினதும் தெரியும். காசிம் தம்பி, எங்க ஓடுறீக? வேலி நகந்தது ஒரு எட்டு இல்ல. நல்லாப் பெரிய எட்டு! முருங்கையை நீங்களே வச்சுக்கிருங்க. வாரம் ரெண்டு கட்டுக் கீரை வீட்டுக்கு வந்துரணும்."

"வந்துரும்க்கா!" என்றார் காசிம், நெற்றியைத் துடைத்தபடி.

டாக்டர் ஃபர்ஹானா சொட்டு மருந்தை எப்படிப் போட வேண்டும் என்று விளக்கத் தொடங்கினாள். கனகலட்சுமி பவ்யமாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். அறையில் எல்லோருடைய கவனமும் டாக்டர் மேல்தான்.

சரியான சமயம்!

இடது பக்கத்திலிருந்து ஒரு கை சத்தமே இல்லாமல் கனகலட்சுமியின் துணிப்பைக்குள் நுழைந்தது. நுழைந்த வேகத்தில் வெளியே வந்தது.

கனகலட்சுமி டாக்டரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஏட்டையா... எடுத்த காராச்சேவைத் திரும்பப் பைக்குள்ளயே போடுங்க. நீங்க உக்காந்திருக்கிறதும் ஓரத்துலதான்!"